மண்ணுக்குள் ஒரு கணக்கு

சுடுநீர் வேண்டுமெனில் அடுப்பு மூட்ட வேண்டும். யாம் பிறந்து வளர்ந்த சிற்றூர் எமக்குக் கற்பித்த உலகியல் இதுவே. விறகின்றி, நெருப்பின்றி, மண்ணே நீரைக் கொதிக்க வைத்துத் தரும் ஊர் ஒன்று உண்டு என எவரேனும் சொல்லியிருப்பின், அதனைப் பாட்டி கதைகளுள் ஒன்றாகவே கொண்டிருப்போம். 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூசிலாந்து நாட்டின் ரோட்டோருவா நகரில் அத்தகைய ஊரைக் கண்ணாரக் கண்டோம். நகரப் பூங்காவின் நடுவே, வேலியிட்ட குட்டைகளில் சேறு கொதித்துக்கொண்டிருந்தது. காற்றெங்கும் கந்தக வாடை. மாவோரி மக்கள் வாழும் வக்கரேவரேவா என்னும் சிற்றூரில், மக்காச்சோளக் கதிர்களைக் கொதிகுளத்தில் இறக்கி வேகவைத்துத் தந்தார்கள். எம் துணைவியார் ஒரு கதிரைச் சுவைத்துவிட்டு, "அடுப்புக்கு வேலையே இல்லாத ஊராக இருக்கிறதே!" என்று வியந்தார்.

மலருக்கு ஒரு கட்டுரை தருக எனத் தமிழ்த்துறையினர் கேட்டபோது, வழக்கம்போல் இலக்கியம் குறித்தே எழுத எண்ணினோம். ஆயினும் எழுதுகோலைக் கையில் எடுத்தபோதெல்லாம் அந்தக் கொதிகுளமே நினைவில் எழுந்தது. அதன் பின்னே எம் வீட்டுக் கிணறும் எழுந்தது. இரண்டையும் இணைக்கும் ஒரு கணக்கைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். தமிழாசிரியர் ஒருவர் பொறியியல் பேசுவதைப் பெரியோர் பொறுத்தருள்வார்களாக.

எம்மை அங்கே அழைத்துச் சென்றவர் இக்கல்லூரியில் கணிதம் பயின்ற மாணவர். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் எம் எதிரே கடைசி வரிசையில் அமர்ந்திருந்தவர். தேர்வில் செய்யுள் வினாக்களுக்கு விடை எழுதாமல் விட்டுவிட்டு, இலக்கணத்தில் முழு மதிப்பெண் பெறுபவர். இன்று அவர் ஆக்லாந்து நகரில் வாழ்கின்றார். பூமிக்கு அடியில் உள்ள வெப்ப மண்டலங்களைக் கணிப்பொறியில் மாதிரிகளாக அமைத்து, அவற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம், எத்தனை ஆண்டு எடுக்கலாம் என ஆராய்வது அவர் பணி. மகனைப் போன்று அன்பு பாராட்டி எம்மை வரவழைத்தார்.

ரோட்டோருவாவில் அவர் முதலில் காட்டியது போஹூட்டு என்னும் பீச்சூற்று. சிறிது நேரம் உறுமிக்கொண்டிருந்த பாறைப் பிளவிலிருந்து திடீரெனக் கொதிநீர் தென்னை உயரத்திற்கு எழுந்தது. மக்கள் ஆரவாரித்தனர். மாணவர் மட்டும் அமைதியாக நின்றார். "ஐயா, இவ்வூற்று நின்றுவிடுமோ என இந்நாட்டார் அஞ்சிய காலம் ஒன்று உண்டு" என்றார்.

அவர் உரைத்த வரலாறு இது. அந்நகரில் வீடுதோறும், விடுதிதோறும் ஆழ்துளையிட்டுச் சுடுநீர் எடுக்கும் வழக்கம் பெருகியது. 1980களின் நடுவில் அத்தகைய கிணறுகள் முந்நூற்றுக்கும் மேலாயின. ஒவ்வொருவரும் எடுத்தது சிறிதே. ஒரு வீட்டாரின் குளியலுக்கும் குளிர்கால வெப்பத்திற்கும் எவ்வளவு வேண்டும்? ஆயின், அச்சிறிதெல்லாம் கூடியபோது நிலத்தடி அழுத்தம் தாழ்ந்தது. பீச்சூற்றுகள் சோர்ந்தன. பாபாகுரா என்னும் ஊற்று 1979இல் அடங்கியே போயிற்று. 1982 முதல் அரசு நிலத்தடி நீர்மட்டத்தை முறையாக அளக்கத் தொடங்கியது. அளவுகளைக் கண்ட பின், போஹூட்டுவைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள கிணறுகள் யாவும் மூடப்பட வேண்டும் என 1986இல் ஆணை பிறந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிணறுகள் மூடப்பட்டன. எஞ்சியோர் எடுக்கும் சுடுநீருக்குக் கட்டணம் விதிக்கப்பட்டது. மக்கள் கொதித்தெழுந்தனர். "என் நிலத்துக்கு அடியில் உள்ள வெப்பம் எனக்கில்லையா?" என்பது அவர்கள் வழக்கு. ஆயினும் ஆணை நிலைத்தது. நீர்மட்டம் மெல்ல உயர்ந்தது. ஊற்றுகள் உயிர் பெற்றன. அடங்கிய பாபாகுராவும் முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்து 2015இல் மீண்டும் பீச்சத் தொடங்கியது.

"என் நிலத்துக்கு அடியில்" என்னும் அச்சொற்களைக் கேட்டபோது எம் நெஞ்சில் ஏதோ தைத்தது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மறுநாள் தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் வைராக்கை என்னுமிடத்தை அடைந்தோம். பள்ளத்தாக்கெங்கும் வெள்ளி நிறக் குழாய்கள் நெளிந்து கிடந்தன. புவிவெப்பத்தால் மின்சாரம் ஆக்கலாம் என உலகுக்கு முதலில் காட்டியது இத்தாலி நாட்டு லார்டரெல்லோ. அங்கே 1904இல் இளவரசர் பியரோ ஜினோரி கோன்ட்டி நிலத்தாவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரித்துக் காட்டினார். 1913இல் அங்கு மின்நிலையமே எழுந்தது. லார்டரெல்லோவில் கிடைப்பது உலர்ந்த ஆவி. வைராக்கையிலோ நீரும் ஆவியும் கலந்தே வெளிவரும். அவற்றைப் பிரித்து, ஆவியைக் கொண்டு பேரளவில் மின்சாரம் ஆக்கியதில் வைராக்கையே உலகின் முன்னோடி. 1958இல் அந்நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

இவ்வெப்பம் எங்கிருந்து வருகிறது என வினவினோம். அந்நாட்டின் கீழே பூமியின் மேலோட்டுத் தட்டுகளுள் ஒன்று மற்றொன்றின் அடியில் அமிழ்ந்து செல்கின்றது. அதனால் உருகிய பாறைக்குழம்பு பூமியின் மேற்பரப்புக்கு அண்மையில் எழுந்து நிற்கிறது. மழைநீர் பிளவுகளின் வழியே பல கிலோமீட்டர் ஆழம் இறங்கி, அங்கே சூடேறி, கனம் குறைந்து மீண்டும் மேலெழுகின்றது. இச்சுழற்சி ஒரு முறை நிறைவேற ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். வைராக்கையின் ஆழ்கிணறுகளில் நீரின் வெப்பநிலை சுமார் 260 பாகை செல்சியசு. மேலேயுள்ள நீரின் அழுத்தமே அதனை முற்றும் ஆவியாகாமல் அடக்கி வைத்திருக்கிறது.

தொடக்கக் காலத்தில் வைராக்கையில் எடுப்பது ஒன்றே பணியாக இருந்தது. ஆவியைப் பிரித்தபின் எஞ்சிய சுடுநீர் அருகே ஓடும் வைக்காட்டோ ஆற்றில் விடப்பட்டது. நிலத்துக்குள் திரும்பச் செலுத்தும் எண்ணம் அன்று வலுப்பெறவில்லை. விளைவு என்ன? முதற் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிலத்தடி அழுத்தம் இருபது மடங்கு வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலாகச் சரிந்தது. பீச்சூற்றுகளுக்குப் பெயர் பெற்ற அருகிலுள்ள பள்ளத்தாக்கில் ஊற்றுகள் ஒவ்வொன்றாய் அடங்கின. வேறொரு பக்கத்தில், அழுத்தம் குறைந்தமையால் அடிநீர் பொங்கி ஆவியாகி, புதிய ஆவித் துளைகள் பெருகின. அழுத்தம் இழந்த களிமண் பாறையடுக்குகள் நசுங்கியதால் ஓரிடத்தில் நிலமே ஏறத்தாழ 15 மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முழுதும் மறையத்தக்க ஆழம்! அந்நிலத்தைப் பார்த்து நின்றபோது, மண்ணுக்குள் நாம் காணாத ஒன்றை எடுத்தாலும், அதன் குறை மண்ணின் மேல் என்றேனும் தெரிந்தே தீரும் என உணர்ந்தோம்.

இதே படிப்பினையை அமெரிக்கர்களும் பெற்றுள்ளனர். கலிபோர்னியாவில் 'தி கீசர்சு' எனப்படும் ஆவி நிலத்தில் 1960இல் 11 மெகாவாட் அளவில் மின்னாக்கம் தொடங்கியது. ஆதாயம் கண்டு பல குழுமங்கள் வந்தன. ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் கிணறு தோண்டியது. 1987இல் உற்பத்தி உச்சத்தைத் தொட்டு, பின் வேகமாக வீழ்ந்தது. பாறையில் வெப்பம் இருந்தது. அதனை ஏந்தி வரும் நீர்தான் தீர்ந்துகொண்டிருந்தது. 1997 முதலும் 2003 முதலும் அண்மை ஊர்களின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நெடுந்தொலைவு குழாய்களில் கொண்டு வந்து நிலத்துக்குள் செலுத்திய பின்னரே வீழ்ச்சி தணிந்தது. அதனால் சிறு நில அதிர்வுகள் ஏற்பட்டன என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். திருப்பிக் கொடுப்பதிலும் கவனம் தேவை.

அன்று மாலை மாணவர் தம் மடிக்கணினியைத் திறந்து, தம் பணி யாது என எமக்கு விளக்கினார். யாம் கணக்கில் வல்லுநர் அல்லோம். ஆயினும் அவர் எமக்காக எளிமைப்படுத்திக் கூறியதை யாம் விளங்கிக்கொண்டவாறு தருகின்றோம்.

திரையில் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பகுக்கப்பட்ட ஒரு பாறைத் தொகுதி தோன்றியது. செங்கல் அடுக்கிய சூளை போல் இருந்தது. "ஐயா, ஒவ்வொரு கட்டமும் ஒரு பாறைத் துண்டு. அதன் வெப்பநிலை எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, துளைகளில் எத்தனை பங்கு நீர், எத்தனை பங்கு ஆவி, நீர் அதனூடே எவ்வளவு எளிதில் செல்லும் என எழுதி வைக்கிறோம். பக்கத்துக் கட்டத்திலிருந்து இதற்குள் வந்தது எவ்வளவு, இதிலிருந்து போனது எவ்வளவு எனக் கணிப்பொறி கணக்கிடும். வந்ததில் போனதைக் கழித்தால் நின்றது எவ்வளவு என்று தெரியும். நீருக்கு ஒரு கணக்கு, வெப்பத்திற்கு ஒரு கணக்கு. அவ்வளவே."

"இது கடைக்காரரின் வரவு செலவுப் பேரேடு அல்லவா!" என்றோம்.

"அதேதான் ஐயா. பேரேட்டின் பக்கங்கள்தாம் மிகுதி" என்று சிரித்தார்.

பேரேடு எளிதாயினும் அதனை நம்பத்தக்கதாக ஆக்குவது எளிதன்று. முதலில் நிலவியலார், வேதியியலார், மின்தடை அளப்போர் ஆகியோரின் முடிவுகளை ஒன்றுகூட்டி, வெப்பம் எங்கே எழுகிறது, குளிர்நீர் எங்கே இறங்குகிறது, எந்தப் பாறையடுக்கு மூடிபோல் தடுக்கிறது என ஓர் எண்ணப்படம் வரைகிறார்கள். பின்னர் மனிதன் கை வைக்காத காலத்தில் அந்நிலம் எவ்வாறு இருந்ததோ அதனைக் கணிப்பொறியில் உருவாக்குகிறார்கள். இலட்சக்கணக்கான ஆண்டுகள் கணக்கில் ஓடவிட்டு, மாதிரி ஒரு நிலைக்கு வந்ததும், ஆழ்கிணறுகளில் அளந்த வெப்பநிலையோடு ஒப்பிடுகிறார்கள். ஒவ்வாவிடின் பாறையின் பண்புகளைத் திருத்தி மீண்டும் ஓடவிடுகிறார்கள். அதன்பின், எடுக்கத் தொடங்கிய நாள் முதல் இன்றுவரை எந்தக் கிணற்றில் எவ்வளவு எடுத்தனர் என்பதை ஊட்டி, அழுத்தம் உண்மையில் வீழ்ந்தவாறே மாதிரியிலும் வீழ்கின்றதா எனப் பார்க்கிறார்கள். கடந்த காலத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்த மாதிரிக்கே எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் உரிமை உண்டு. மாணவரை மதிப்பிட நாம் கையாளும் முறையும் ஏறத்தாழ இதுவே எனத் தோன்றியது.

இத்துறை ஒரே நாளில் வளர்ந்ததன்று. 1969இல் வைட்டிங், ராமே என்னும் இருவர் வைராக்கை முழுவதையும் ஒரே தொட்டியாகக் கொண்டு கணக்கிட்டனர். பின்னர் பல குழுவினர் பலவகைக் கணிப்பொறி நிரல்களை எழுதினர். யாருடைய நிரல் சரி? 1980இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. ஒரே ஆறு கணக்குகளைப் பலரும் தத்தம் நிரல்களால் தீர்த்துக் காட்ட வேண்டும். விடைகள் பெரும்பாலும் ஒத்துவந்தன. கணிப்பொறி மாதிரிகள் மீது நம்பிக்கை பிறந்தது அதன் பின்னரே என்றார் மாணவர். கலிபோர்னியாவின் லாரன்சு பெர்க்லி ஆய்வகத்தில் கார்சுடன் புரூசு உருவாக்கிய 'டஃப்' என்னும் நிரல் பின்னாளில் உலகெங்கும் பரவியது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வைராக்கைக்கென மாதிரிகளை அமைத்து, பல பத்தாண்டுகளாகத் திருத்தியும் விரித்தும் வருகின்றனர்.

இங்கே எமக்கு ஓர் ஐயம் எழுந்தது. "தம்பி, இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழத்தை யாரும் கண்டதில்லை. ஆங்காங்கே சில துளைகள்தாம் உள்ளன. எஞ்சியதெல்லாம் ஊகம். அந்த ஊகத்தின் மேல் எழுந்த கணக்கை எவ்வாறு நம்புவது?" என்று வினவினோம்.

அவர் சற்றுச் சிந்தித்தே விடை கூறினார். "முழுதும் நம்புவதில்லை ஐயா. நீரை விடும் பண்பு ஒரு பாறைக்கும் மற்றொன்றுக்கும் ஆயிரம் மடங்கும் அதற்கு மேலும் மாறுபடும். பல்வேறு மாதிரிகள் ஒரே வரலாற்றுக்குப் பொருந்துவதும் உண்டு. ஆகவே ஒன்றோடு நில்லாமல் பல மாதிரிகளை ஓட்டி, 'இதற்குக் குறையாது, இதற்கு மிகாது' என எல்லை கட்டிச் சொல்கிறோம். புதிய அளவு வந்தால் பழைய மாதிரியைத் திருத்துகிறோம். 'எம் மாதிரி தவறாது' என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்." அவ்விடை எமக்கு நிறைவளித்தது. தன் அறியாமையின் அளவையும் சேர்த்துச் சொல்லும் கல்வியே மெய்க்கல்வி.

பின்னர் அவர் கூறிய செய்தி இன்றும் எம் நினைவை விட்டு அகலவில்லை. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஓ'சல்லிவன் முதலியோர் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். வைராக்கையிலும் அதனோடு இணைந்த டவுகாரா நிலத்திலும் இயற்கை அடியிலிருந்து அனுப்பும் வெப்பத்தைப்போல் 4.75 மடங்கு வெப்பம் எடுக்கப்படுகிறது என்பது அவர்கள் கணக்கு. அதாவது, வரவு ஒரு ரூபாயாயின் செலவு நான்கே முக்கால் ரூபாய். எஞ்சியது பாறையில் பன்னெடுங்காலமாகச் சேர்ந்த முதலிலிருந்து போகின்றது. நூறாண்டுக் காலம் எடுத்துவிட்டு 2053இல் நிறுத்தினால் என்ன ஆகும் எனவும் மாதிரியில் ஓட்டிப் பார்த்தனர். நிலம் மீளும். அழுத்தம் விரைந்து மீளும். வெப்பம் மெல்ல, மிக மெல்ல மீளும். பழைய நிலையை அடைய, எடுத்த காலத்தைப்போல் சில மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். அதனால் அது புதுப்பித்துக்கொள்ளும் வளந்தான். ஆயின் அது மீள்வது எடுத்தவன் காலத்தில் அன்று. அவன் பேரன் பேத்தியர் காலத்திலும் அன்று.

எனவேதான் 'மீளுமா?' என்ற வினாவோடு அறிஞர்கள் நிற்பதில்லை. 'எவ்வளவு எடுத்தால் நீண்ட காலம் குறையாமல் எடுக்கலாம்?' என்றும் வினவுகின்றனர். ஐசுலாந்து நாட்டின் குட்னி ஆக்சல்சன் முதலானோர் 2001இல் அதற்கு ஒரு வரையறை தந்தனர். ஒவ்வொரு வெப்ப நிலத்திற்கும், எடுக்கும் முறைக்கேற்ப ஓர் உச்ச அளவு உண்டு. அதற்குள் நின்றால் 100 முதல் 300 ஆண்டுகள் வரை ஒரே அளவாகப் பெறலாம். அதனைக் கடந்தால் இன்று மிகுதியாகப் பெறலாம், நாளை இழக்கலாம். அந்த உச்ச அளவு எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அளந்தும், மாதிரி அமைத்தும், சிறிது சிறிதாக எடுத்துப் பார்த்துமே அதனை அறிய முடியும். பயன்பட்ட நீரை எங்கே திருப்பிச் செலுத்துவது என்பதற்கும் மாதிரியே துணை. எடுக்கும் கிணற்றுக்கு மிக அருகில் செலுத்தினால் குளிர்நீர் புகுந்து கிணற்றைக் கெடுக்கும். மிகத் தொலைவில் செலுத்தினால் அழுத்தத்திற்கு உதவாது. வைராக்கையிலும் 1990களில் நீரைத் திருப்பிச் செலுத்தும் முறை இடம்பெறத் தொடங்கிற்று.

இவ்வளவும் கேட்டபின், "இம்மாதிரி இவ்வளவு திருத்தமாக அமைந்ததற்கு யாது காரணம்?" என்று வினவினோம். புதிய கணிப்பொறிகளின் ஆற்றலைச் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் அதனைச் சொல்லவில்லை. "1950களிலிருந்தே ஒவ்வொரு கிணற்றிலும் அழுத்தத்தையும் வெப்பத்தையும் எடுத்த அளவையும் குறித்து வைத்திருக்கிறார்கள் ஐயா. நிலம் தாழ்ந்த அளவையும் குறித்தார்கள். அப்போது அவற்றைக் கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்கே முழுதும் தெரியாது. ஆயினும் விடாமல் எழுதினார்கள். அந்த நோட்டுப் புத்தகங்கள் இல்லாவிடில் எங்கள் மாதிரி வெறும் வண்ணப்படம்" என்றார். பின்னர் இயல்பாக, "நம்மூர்க் கிணறுகளுக்கு அப்படி ஏதேனும் குறிப்பு உண்டா ஐயா?" என்று கேட்டார்.

யாம் விடை கூறவில்லை. கூறுவதற்கு நாணினோம்.

எம் வீட்டுக் கிணறு பாட்டனார் வெட்டியது. சித்திரையில் ஒருமுறையும் ஐப்பசி மழைக்குப்பின் ஒருமுறையும் முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீர்மட்டம் எத்தனை முழம் எனப் பார்த்துத் தாழ்வாரச் சுவரில் கரிக்கட்டியால் கோடிடுவார். பக்கத்தில் ஆண்டையும் எழுதுவார். அவருக்குப்பின் எம் தந்தையார் அவ்வழக்கத்தை விடவில்லை. சிறுவராயிருந்தபோது அக்கோடுகளை எம் உயரத்தோடு ஒப்பிட்டு விளையாடியிருக்கிறோம். 1981இல் எம் தங்கையின் திருமணம் வந்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தோம். "இந்தக் கரிக்கோடுகளை என்ன செய்வது?" என்று அவர் கேட்டார். "அழித்துவிடுங்கள், பார்க்க அழகாக இல்லை" என்றவர் யாமே. படித்த பிள்ளை சொன்னதால் தந்தையாரும் தடுக்கவில்லை. நாற்பதாண்டுக் கணக்கு இரண்டு பூச்சுச் சுண்ணாம்பில் மறைந்தது. அதன்பின் எவரும் கயிற்றை இறக்கவில்லை.

1988இல் ஆழ்துளைக் கிணறு போட்டோம். எம் நிலம், எம் பணம், எம் மின்மோட்டார். யாரைக் கேட்க வேண்டும் என எண்ணினோம். இரண்டு கோடைகள் சென்றன. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் கிணறு வற்றியது. ஒருநாள் காலை அவர் குடத்தோடு எம் வாசலில் நின்றார். ஒரு சொல்லும் குறையாகக் கூறவில்லை. "கொஞ்சம் தண்ணீர் பிடித்துக்கொள்கிறேன் தம்பி" என்றார். ஒவ்வொரு நாளும் வந்தார். யாமும் தாராளமாகத் தந்தோம். தந்தோம் என்று அன்று பெருமிதமும் கொண்டோம். மழை பொய்த்தது என எமக்கு யாமே சொல்லிக்கொண்டோம். அது மெய்யாகவும் இருக்கலாம். எம் குழாய்க் கிணறே காரணமாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை இன்றளவும் எம்மால் சொல்ல இயலாது. சொல்வதற்கு உதவியிருக்கக்கூடிய கோடுகளை யாமே அழித்துவிட்டோம். அப்பெரியம்மா இப்போது இல்லை. ரோட்டோருவாவில் "என் நிலத்துக்கு அடியில்" என்ற சொற்களைக் கேட்டு எம் நெஞ்சு ஏன் தைத்தது என்பதை இப்போது அறிந்திருப்பீர்கள்.

கொதிநீரும் குடிநீரும் ஒன்றல்ல என்பதை அறிவோம். ஆயினும் பாறைக்குள் நீர் செல்லும் விதி ஒன்றே. வேலியும் பத்திரமும் மேற்பரப்பில்தாம் உள்ளன. அடியில் எல்லாக் கிணறுகளும் ஒரே பேரேட்டில் பற்று எழுதுகின்றன. பொதுச்சொத்திலிருந்து எடுப்பவன் தன் பங்கு சிறிதென்று கருதுவது இயல்பு. அச்சிறிய பங்குகளின் கூட்டுத்தொகையை அவனுக்கு முன்கூட்டியே காட்டுவதுதான் கணிப்பொறி மாதிரியின் அரும்பணி. ரோட்டோருவா மக்கள் தம் கிணறுகளை மூடியது எளிய செயலன்று. ஆயினும் அளவுகள் கண்முன் இருந்தமையால் வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது. அளவு இல்லாத இடத்தில் வலியவன் சொல்லே வழக்காகும், அல்லது எம் வீட்டில் நடந்ததுபோல் மௌனமே தீர்ப்பாகும்.

நம் நாட்டிலும் புவிவெப்பம் பற்றிய முயற்சிகள் தொடங்கியுள்ளன. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஒரு மெகாவாட் அளவிலான முன்னோடி மின்நிலையத்திற்கு 2021இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நன்முயற்சி. புகையின்றி இரவும் பகலும் கிடைக்கும் ஆற்றல் நமக்குத் தேவைதான். எடுக்கத் தொடங்குமுன் அங்குள்ள ஊற்றுகளின் அளவை எழுதத் தொடங்க வேண்டும் என்பதே எம் விருப்பம். தொடங்கியபின் அளந்தால் 'முன்பு எவ்வாறு இருந்தது?' என்ற வினாவுக்கு விடை கிடைக்காது.

ஊர் திரும்பியதும் யாம் செய்த முதற்செயல் கடைக்குச் சென்று நூல்கயிறு வாங்கியது. முழத்திற்கொரு முடிச்சிட்டு, கல் கட்டி, பாட்டனாரின் பழைய கிணற்றில் இறக்கினோம். கல் தரையைத் தட்டிற்று. நீர் இல்லை. அதனையும் குறித்துக்கொண்டோம். அடுத்த மாதமும் இறக்கினோம். ஐப்பசி மழைக்குப்பின் இரண்டு முழம் நீர் காட்டியது. இன்று அக்குறிப்பேடு தாழ்வாரத்தில் ஆணியில் தொங்குகிறது. எம் பெயரன் கயிறு இறக்குகிறான், யாம் எழுதுகிறோம்.

அன்பு மாணவர்களே, நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுதோறும் ஊர்களுக்குச் செல்கின்றீர்கள். செல்லும் ஊரில் பத்துக் கிணறுகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கயிறும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். மாதம் ஒருமுறை அளந்து எழுதி, கல்லூரி நூலகத்தில் வையுங்கள். அதனைக் கொண்டு என்ன செய்வது என்று இன்று உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். முப்பதாண்டு கழித்து உங்களுள் ஒருவரோ உங்கள் மாணவருள் ஒருவரோ இந்நிலத்துக்கு ஒரு மாதிரி அமைக்க முற்படும்போது, அந்நோட்டுப் புத்தகத்தைத் தேடி இங்கே வருவார். அவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்கட்டும்.